மேலே மூன்று போட்ட க

தனகோட்டியம்மாவுக்குக் கன்னடம் தெரியாது என்று
எதிர்க்கட்சிக்காரன் நோட்டீஸ் அடித்தான்.
பொய்.
மர்ஃபி டவுன் குழாயடியில்
கன்னடத்தில் திட்டி, தெலுங்கில் சமாதானம் பேசி,
தமிழில் தண்ணீர் பிடித்தவர்.
வாசிக்கத்தான் வராது.
அதற்கு நான்.

பதினெட்டு வருஷம்
அவர் பேசிய மேடைக் கன்னடத்தை எல்லாம்
தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தது இந்தக் கை.
நம்மிடம் இருப்பது ஒரே ஒரு க.
அதையே கண்ணுக்கும் வைக்கிறோம், கங்கைக்கும் வைக்கிறோம்.
சபையில் அது செல்லாது, சிரித்துவிடுவார்கள்.
ஆகவே கங்கைக்குப் போகும் க-வின் தலையில்
பொடியாக ஒரு 3 போடுவேன்.
"இன்னிக்கு எத்தன மூணு?" என்று கேட்டுவிட்டுத்தான்
காரில் ஏறுவார்.

முதல் சீட்டு கார்ப்பரேஷன் கூட்டத்துக்கு.
வார்டுக்கு எட்டு 'நல்லி' வேண்டும்.
படித்துப் பார்த்தவர்,
"குழாயக் கேக்கறமா, எலும்பக் கேக்கறமா?" என்றார்.
ஐந்து கிடைத்தது.
இரண்டில் தண்ணீர் வந்தது.

அப்புறம் மேயர்.
ஜெயநகர்க்காரருக்கும் மல்லேஸ்வரத்துக்காரருக்கும் நடந்த இழுபறியில்
நாற்காலி நழுவி இவரிடம் வந்தது.
இந்த ஊரில் மேயர் என்றால் ஒரு வருஷம்.
சிவப்பு அங்கி ஒரு சாண் நீளம்.
வெட்டக் கூடாதாம், அடுத்தவருக்கு வேண்டுமாம்.
சிவாஜிநகர் ரஹ்மத்துல்லா டெய்லர்
உள்ளே மடித்து நூலோட்டிக் கொடுத்தார்.
மூன்று மாதம் பூங்கொத்து,
ஆறு மாதம் குப்பை லாரிகளின் வேலைநிறுத்தம்,
மீதியில் நாடா வெட்டினார்.
கடைசி நாள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து
அந்த நூலை அவரே பிரித்தார்,
பல்லால்.

அடுத்த வாரமே பெயர்ப்பலகைக்குப் பெயிண்டர் வந்தான்.
மேயருக்கு முன்னால் இடமில்லை.
'மாஜி'யை மேலே ஏற்றி
பொடியாக எழுதினான்,
என் மூன்று மாதிரி.

இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் எம்.எல்.ஏ.
ஐந்து வருஷத்தில் பேசக் கிடைத்தது
நாற்பத்தோரு நிமிஷம். கணக்கு என்னிடம் இருக்கிறது.
பாதாளச் சாக்கடைக்குப் பதினாறு,
கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு ஒன்பது,
மற்றதெல்லாம் "உட்காருங்கள், உட்காருங்கள்."

இரண்டாம் தடவை ஜெயித்துப் போன வருஷம்
ஆற்றுத் தீர்மானம் வந்தது.
வெளியே கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன.
எங்கள் தெருவில் இரண்டு பேர்
கடைப்பலகையின் தமிழ் மேல் சாக்குத் துணி கட்டினார்கள்.
சீட்டு வேண்டாம் என்றார் அம்மா.
ஒரு சொல்லுக்கு எதற்குச் சீட்டு?
ஹௌது.
அதில் க இல்லை. மூன்றும் இல்லை.

ஒருமனதாக, என்று எழுதின பத்திரிகைகள்.
மாடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு
இருநூறு குரலில் அவர் குரல் எது என்று தெரியவில்லை.
வாய் அசைந்ததைப் பார்த்தேன்.

அன்றிரவு ஆம்பூரிலிருந்து தம்பி போன் செய்தார்.
"நீயுமா?"
"எங்க வார்டுல குழாயத் தெறந்தா
அந்தத் தண்ணிதான் வருது.
வேற என்ன சொல்லச் சொல்ற?"
வைத்துவிட்டார்.
பிறகு ரொம்ப நேரம்
ஒரே தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தேர்தலில் டெபாசிட் போயிற்று.
கார் போயிற்று. காரோடு
வாசலில் நின்ற செருப்புகளும்.
நான் மட்டும் போகவில்லை.
போக வேறு வேலை தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை ஜலமண்டலி ஆபீசில்
வரிசையில் நின்றோம், பதினொன்றாவது ஆளாக.
அவர் வீட்டுக் குழாயில் நாலு நாளாகக் காற்று.
"எழுது" என்றார். எழுதினேன்.
பழக்கதோஷம்.
சின்னப் பையன், புது குமாஸ்தா,
காகிதத்தைத் திருப்பினான், தலைகீழாகப் பிடித்தான்,
பொடி மூன்றுகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.
இது எந்தப் பாஷை என்றான்.

"கன்னடானே" என்றார் அம்மா.